கோமதி பார்த்த கொரியா

இப்போது மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போகிறேன். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்கிறேன். முன்பெல்லாம் டவுனுக்கு என்று சொல்வேன். அண்மையில் கடைக்கு வந்த ஒருவர், சாமான் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். ஆட்கள் கலைந்ததும் குரலைத் தாழ்த்தி, தன் தம்பிக்கும் அப்படித்தான் இருக்கிறது, அது எப்படி இருக்கும் என்று கேட்டார். கடையில் நின்றுகொண்டு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுடைய கடை அலுவிகாரையில், பிரதான வீதியோரமாக இருக்கிறது. பைப், ஆணி, பெயின்ட், பூட்டு விற்கும் சின்ன ஹார்ட்வெயார் கடை. கொரியாவில் தொழிற்சாலை வேலை செய்து திரும்பி வந்து போட்ட கடை அது. பின்னால் வீடு. வீட்டில் நான், மனைவி கோமதி, மகள் தர்ஷினி. வியாபாரம் மோசமில்லை. வீட்டில் சண்டை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு எல்லோரும் காரணம் தேடினார்கள்.

வலியோடு தொடங்கிய நோயல்ல இது. ஒரு நாள் காலையில் மேசன் வேலை செய்யும் ஒருவர் வந்து பைப்பை வளைத்துப் பொருத்துகிற அரை இஞ்சி எல்போ நாலு கேட்டார். அவர் கேட்டது காதில் விழுந்தது. எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் தெரியும். எழுந்திருக்கவில்லை. அவர் இரண்டாவது தடவை கேட்டார். அப்போதும் எழவில்லை. அவரே உள்ளே வந்து, தேடி எடுத்து, காசை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாப்பாட்டில் உறைப்பு மட்டும் தெரிந்தது, ருசி தெரியவில்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும். நெஞ்சுக்கு மேல் யாரோ கையை வைத்து அமர்த்திப் பிடித்திருப்பது போலிருக்கும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் போனது. கோமதிக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. இருதயமாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே தொடங்கியது பரிசோதனை. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இருதயத் துடிப்பைக் கோடாக எடுக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லது. இரத்தம் எடுத்து தைரொய்ட் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி மந்தமானால் ஆளும் மந்தமாகிவிடுவார் என்று விளக்கினார்கள். அதுவும் நல்லது. பிறகு வெளியே ஓரிடத்தில் பணம் கட்டி, வாய் வழியாகக் கெமரா வைத்த குழாயை விட்டு வயிற்றைப் பார்த்தோம். வயிறும் நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் பில்லை நான் பார்ப்பதற்கு முன்னால் கோமதி மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதும் அவள் முகம் தெளியும். என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நானும் சிரிக்க முயல்வேன். ஒன்றுமில்லை என்பது நல்ல செய்தி என்று மூளைக்குத் தெரியும். அதற்குக் கீழே அது இறங்காது.

கோமதியின் தம்பி சுரேஷ் என்னை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அர்ச்சனை செய்து, கையில் நூல் கட்டிவிட்டான். மச்சான், யாரோ கண்ணு வச்சிட்டாங்க என்றான். கடையையும் அவனே திறக்கத் தொடங்கினான். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சட்டை கையில் இருந்தது. அதைப் போட வேண்டும். எந்தக் கையை முதலில் விடுவது என்ற யோசனை பெரிய கணக்குப் போல வந்து நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் கோமதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"நாடகத்துல ஒருத்தர் இப்படித்தாங்க உக்காந்திருந்தாரு" என்றாள். "அவருக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. மனசுல. நாம அந்த டொக்டர்கிட்ட போவோம்."

கோமதி கொரிய நாடகம் பார்ப்பவள். முதலில் டிவியில் சிங்களக் குரலில் வந்தவற்றைப் பார்த்தாள். பிறகு போனில் தமிழ்க் குரலில். பின்னர் கொரியக் குரலிலேயே, கீழே எழுத்தைப் படித்துப் படித்து. நான் திரும்பி வந்த பிறகு அவள் அதிகமாகப் பார்த்தவை மனநோய் ஆஸ்பத்திரிகளையும், மனம் உடைந்தவர்களையும், அவர்கள் மெல்ல மெல்லத் தேறுவதையும் பற்றிய கதைகள். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த மொழி காதில் விழுந்தாலே எழுந்து கடைப்பக்கம் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் முதல் வார்த்தை ப்பல்லி. சீக்கிரம் என்று அர்த்தம். காருக்குப் போடும் ரப்பர் பட்டிகளை அச்சில் அமுக்கி எடுக்கிற தொழிற்சாலை அது. இயந்திரச் சத்தத்துக்கு மேலாக அந்த ஒரு வார்த்தையைக் கத்துவார்கள்.

அன்றைக்கு, பல வாரங்களுக்குப் பிறகு, எனக்குக் கோபம் போல ஒன்று வந்தது. அது நாடகம், அங்கே யாரும் அப்படிப் பேசுவதில்லை, நான் இருந்தவன், எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அங்க எப்படிப் பேசுவாங்கன்னு நீங்க எனக்கு எப்பவாவது சொன்னீங்களா?" என்றாள்.

என் கையிலிருந்த சட்டையை வாங்கி, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல ஒவ்வொரு கையாக விட்டாள். பட்டனையும் போட்டாள். அந்த வாரமே மனநலக் கிளினிக்குக்குப் போனோம்.

மற்றக் கிளினிக்குகளில் ஆட்கள் ஒருவருக்கொருவர் நோயை விசாரிப்பார்கள். இங்கே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்கடுவைப் பக்கத்திலிருந்து என் கடைக்கு வந்துபோகும் ஒருவர் அங்கே மனைவியோடு இருந்தார். என்னைக் கண்டதும், பல்லுக்குக் காட்ட வந்ததாகவும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னார். நானும் தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். என்னைப் பார்க்காமலே எழுந்து உள்ளே போனார்.

டொக்டர் சிங்களப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். என்னோடு சிங்களத்தில் பேசினார். கோமதிக்குப் புரியாத இடத்தில் தெரிந்த தமிழில் ஒரு சொல் போடுவார். தூக்கம், சாப்பாடு, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், அதே குரலில், காலையில் விழிக்காமலே போய்விட்டால் பரவாயில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தோன்றுகிறது என்றேன். எத்தனை நாளாக என்றார். கொஞ்சக் காலமாக என்றேன். கோமதி என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய கை கைப்பையின் வாரை இறுக்கியதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் சில நாள் தங்க வேண்டும் என்றார் டொக்டர். நோயின் பெயர் மனச்சோர்வு. கவலை வேறு, இது வேறு என்று விளக்கினார். கவலை உள்ளவர் அழுவார், நல்லது நடந்தால் சிரிப்பார். இதில் இரண்டுமே அடைபட்டுப் போகும். எதிலும் ருசி இருக்காது, எதற்கும் கை எழும்பாது. மூளையில் செய்தி கொண்டுபோகிற இரசாயனங்கள் சரியாக வேலை செய்யாததுதான் அது. குளிசை உண்டு. ஆனால் விழுங்கிய அன்றே கேட்காது, வாரக்கணக்காகும். அதுவரைக்கும் உங்களைத் தனியே விட எனக்குத் தைரியமில்லை என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

வாட்டில் என் பெல்ட்டையும் போனையும் வாங்கிக் கோமதியிடம் கொடுத்தார்கள். அவள் பெல்ட்டைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கினாள். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயமாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயம் என்பதும் ஒரு உணர்ச்சிதானே. சாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். காலையில் பாணும் பிளேன்டீயும் வரும். வரிசையில் நின்று குளிசை வாங்க வேண்டும், விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாய் வறண்டு போகும். அது மருந்தின் குணம், கொஞ்ச நாளில் குறையும் என்று நர்ஸ் மிஸ் சொன்னார். மின்விசிறியில் ஒரு இறக்கை சற்று வளைந்திருந்தது. அது சுற்றுவதைப் பார்ப்பேன். பகல் போய்விடும். இரவில் தூக்கத்துக்கும் ஒரு குளிசை கொடுத்தார்கள். அதனால் இரவுகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பக்கத்துக் கட்டிலில் ரஸீன் நானா. டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய நோய் வேறு வகை. சில மாதம் மனம் உயர உயரப் பறக்கும், தூக்கமே தேவைப்படாது, ஊரிலுள்ள மிளகையெல்லாம் வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிறகு ஒரேயடியாக விழுந்துவிடும். அவர் விழுந்து எழுந்துகொண்டிருந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். பலமுறை அங்கே வந்து போனவர் என்பதால் வாட்டின் நடைமுறை எல்லாம் அத்துப்படி.

சாப்பிடுகிற இடத்தில் ஒரு டிவி இருந்தது. பின்னேரத்தில் அதில் கொரிய நாடகம் ஓடும், சிங்களக் குரலில். வாட்டிலிருந்த எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். யாரோடும் பேசாதவர்களும் வருவார்கள். வேலை முடிந்த அட்டெண்டன்ட் ஒருவர் கதவில் சாய்ந்து நின்று பார்ப்பார். நான் கொரியாவில் இருந்தவன் என்று தெரிந்ததும் ரஸீன் நானா என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தம்பி, இந்தப் புள்ளட வாய் ஒண்டு செல்லுது, சத்தம் வேறொண்டு செல்லுது. வாய் என்னத்த செல்லுதுண்டு பாருங்க" என்றார்.

உதட்டைப் பார்த்து மொழி கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் சில இடங்களில் தெரிந்தது. அந்தப் பெண் க்வென்சானா என்றாள். ஒன்றுமில்லை, பரவாயில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் அது. தொழிற்சாலையில் விரலை நசுக்கிக்கொண்ட ஒருவர் இரத்தம் சொட்டச் சொட்ட அதைத்தான் சொன்னார். அதை ரஸீன் நானாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

மனம் நொந்த ஒருவர் அறைக்குள்ளேயே கிடக்கிற கதை அது. அவரைப் பார்க்க ஒரு டொக்டர் வருவார். வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். கிடப்பவர் ஒன்றும் பேசமாட்டார். டொக்டரும் பேசமாட்டார். அந்த மௌனத்தை அப்படியே காட்டிக்கொண்டிருப்பார்கள். நம்மூர் நாடகமாக இருந்தால் அதற்குள் யாராவது கத்தியிருப்பார்கள்.

ரஸீன் நானா என் காதுக்குள் சொன்னார்: "நம்மட டொக்டர் நல்ல மனிசி. ஆனா பாவம், உக்காரண்டு நெனச்சாலும் மத்தக் கட்டில்ல ஆள் காத்துக்கிட்டு ஈக்கிது. அதுதான் நாங்க எல்லாரும் இங்க வந்து அந்தக் கதிரையப் பாக்கிற."

நான் சுற்றிலும் பார்த்தேன். எழும்பு, தைரியமா இரு, உனக்கு என்ன குறை என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் எல்லோரும். திரையில் ஒருவரிடம் யாரோ, எழும்ப முடியாவிட்டால் கிட, நான் இருக்கிறேன் என்று சொல்கிறார்கள். சொன்னது ஒரு நடிகர், கேட்டதும் ஒரு நடிகர். வாட்டில் ஒரு ஆள் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் அழலாம் என்பது எனக்குப் புரிந்தது. அழுகைதான் வரவில்லை.

கோமதி தினமும் பார்க்கிற நேரத்துக்குச் சோற்றுக் கெரியரோடு வருவாள். நான் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்திருப்பாள். முதலில் அது கவலை என்று நினைத்தேன். நாள் போகப் போக, அவள் எதற்கோ காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் பார்த்த நாடகங்களில் எல்லாம் நோயாளிக்கு ஒரு பழைய காயம் இருக்கும். சின்ன வயதில் ஒரு சாவு, ஒரு அடி, யாருக்கும் சொல்லாத ஒரு இரகசியம். ஒரு நாள் அது வெளியே வரும். வந்ததும் ஆள் தேறிவிடுவார். என்னுடையது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அங்க உங்களுக்கு யாராவது இருந்தாங்களா?"

இல்லை என்றேன்.

"இருந்தாலும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன். சொன்னாத்தானே சுகமாகும்."

இல்லை, எதுவுமே இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அப்போது என்னுடைய குரல் எதைச் சொன்னாலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கும் அந்தக் குரல் பொருந்தும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கெரியரைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் சுரேஷ் வந்தான். அக்காவுக்குத் தலையிடி என்றான். அதற்கடுத்த நாளும் அவன்தான் வந்தான். கோமதி வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, வலிக்கவில்லை. வலிக்காததை டொக்டரிடம் சொன்னேன். மனைவி என்னை விட்டுப் போய்விடுவாள் போலிருக்கிறது, அதைக்கூட யாருக்கோ நடப்பது போலத்தான் பார்க்கிறேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவளை வரச்சொல்லி ஆளனுப்பட்டுமா என்று கேட்டார்.

கோமதி வந்தாள். டொக்டரின் சின்ன அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டொக்டர் அவளுக்கு விளக்கினார். சிலருக்குக் காரணம் இருக்கும், சிலருக்கு இருக்காது. சீனி நோய் வந்தவரிடம் என்ன துக்கத்தால் வந்தது என்று நாம் கேட்பதில்லை. வெளிநாட்டில் தனியே இருந்ததும், ஓய்வில்லாமல் உழைத்ததும் ஒரு பங்கு செய்திருக்கலாம். அதற்காக உங்கள் கணவர் எதையோ ஒளிக்கிறார் என்று ஆகாது. இதைச் சொல்லிவிட்டு, ஏன் அப்படித் தோன்றியது என்று கோமதியிடம் கேட்டார்.

கோமதி முதலில் சிங்களத்தில் சொல்லப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"நீங்க அங்க இருந்தப்ப எனக்குத் தெரிஞ்சது உங்க பின்னால இருந்த வெள்ளைச் சுவரு மட்டுந்தான்" என்றாள். "எப்ப போன் எடுத்தாலும் அதே சுவரு. நான் அந்த நாடகத்தைப் பாக்க ஆரம்பிச்சது கதைக்காக இல்ல. ஆளுங்களுக்குப் பின்னால இருக்கிற ரோட்டப் பாக்கத்தான். கடை, பஸ்ஸு, பனி கொட்டுற படிக்கட்டு. பஸ்ஸுக்குள்ள எங்கயாவது நம்மள மாதிரி கறுப்பா ஒரு ஆள் உக்காந்திருக்காரான்னு தேடுவேன்."

அந்தச் சுவர் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தின் சுவர். நாங்கள் தங்கியிருந்தது கப்பலில் சாமான் ஏற்றுகிற இரும்புப் பெட்டிக்குள். அது தெரியக்கூடாது என்றுதான் அங்கே போய் உட்கார்ந்து பேசுவேன். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்பேன். கிட்டத்தட்ட ஐந்து வருடம் அதையே சொன்னேன்.

"பெறகுதான் கதையப் பாத்தேன்" என்றாள் கோமதி. "அதுல எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு, ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டு அழுவாங்க. நீங்களும் நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க. அப்ப நீங்க எங்க போயி அழுதீங்கன்னு எனக்குத் தெரியணும்."

நான் அழவில்லை என்றேன். அழ நேரமிருக்கவில்லை.

டொக்டர் குறுக்கிடவில்லை.

"நானும் பொய்தான் சொன்னேன்" என்றாள். "தர்ஷிக்கு டெங்கு வந்திச்சு. இதே ஆஸ்பத்திரியிலதான் வச்சிருந்தேன். நீங்க போன் எடுத்தப்ப, ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து படுத்திருக்கான்னு சொன்னேன்."

டெங்குக் காய்ச்சலில் இரத்தத்தில் இருக்கிற பிளேட்லட் குறையும். இரத்தத்தை உறைய வைக்கிற துகள்கள் அவை. ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியலாம். ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்துப் பார்க்கும்போது மகளுக்கு அது குறைந்துகொண்டே போயிருக்கிறது. கோமதி பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே தரையில் பாயைப் போட்டுக் கிடந்திருக்கிறாள். அங்கே அழுதால் பிள்ளை பயப்படும். வீட்டில் அழுதால் சுரேஷ் எனக்குச் சொல்லிவிடுவான். என்னிடம் அழுதால் நான் கவனம் தப்பி இயந்திரத்துக்குள் கையை விட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். பிள்ளை தேறி வந்து பல மாதத்துக்குப் பிறகு, ஏதோ ஒரு நாடகத்தில் ஒரு தாய் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே சோறு சாப்பிடுவதைக் காட்டினார்களாம். அன்றைக்குத்தான் அழுதிருக்கிறாள். அடுப்பில் பருப்பு கருகிப் போகும்வரை அழுதேன் என்றாள்.

"பொம்பளைங்க சும்மா ஒக்காந்து நாடகத்துக்கு அழுவுறாங்கன்னு சொல்றீங்க. நான் அந்தப் பொம்பளைக்கா அழுதேன்?"

நான் அப்படிச் சொன்னவன்தான். இதை எழுதும்போது எனக்குப் புரிகிற அளவுக்கு அன்று புரியவில்லை. தன் துக்கத்துக்கு அழ வீட்டில் இடமில்லாதவர்களுக்கு, தூரத்து நாட்டு முகம் ஒன்று இடம் கொடுக்கிறது. அங்கே யாரும் நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை. நமக்காக அழுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. இதை நான் கோமதியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கதிரையில் இருந்தபோது என் நெஞ்சு மரக்கட்டை போலக் கிடந்தது. ஏதாவது கேட்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

எந்த வாட்டு என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் காட்டுகிறேன் என்றாள்.

காட்டினாள். வீட்டுக்குப் போகலாம் என்ற துண்டு கிடைத்து, மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ரஸீன் நானாவுக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவர் சந்தோஷமாகப் போய் வாங்க என்று சொல்லவில்லை. குளிசைய உட்டுராதீங்க தம்பி என்றார். கோமதி என்னைப் பிள்ளைகள் வாட்டுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே விடமாட்டார்கள். யன்னலுக்கு வெளியே நின்று, அந்த மூலையில் இருந்த கட்டில் என்று காட்டினாள். அதில் இப்போது வேறு ஒரு பிள்ளை தோடம்பழம் தின்றுகொண்டிருந்தது. கோமதி நிறையப் பேசினாள். இரத்தம் எடுக்க யார் வருவார்கள், எந்தக் குழாயில் முகம் கழுவுவாள், பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய் எப்படித் தன் பிள்ளைக்குக் கொண்டுவந்த கஞ்சியில் பாதியைத் தர்ஷிக்கு ஊற்றிக் கொடுத்தாள் என்றெல்லாம். கேட்டுக்கொண்டு நின்றேன். த்ரீவீல்காரர் இரண்டு தடவை ஹோர்ன் அடித்தார்.

நாடகத்தில் கடைசிப் பகுதியில் ஆட்கள் தேறிவிடுவார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. குளிசை வேலை செய்யத் தொடங்கியது எனக்குத் தெரியவே இல்லை. முதலில் திரும்பி வந்தது மகிழ்ச்சி இல்லை, எரிச்சல். சுரேஷ் கடையில் பெயின்ட் டின்களை அளவு மாற்றி அடுக்கி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்டினேன். அவன் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிப்போய், அக்கா, மச்சான் ஏசுறாரு என்று சொன்னான். கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டரும் சிரித்தார். நல்லது, மற்றவையும் வரும் என்றார். மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போதுதான் நிறுத்தவே கூடாது என்றார்.

இப்போது பின்னேரங்களில் கோமதியோடு உட்காருகிறேன். சில காட்சிகளில் போனை நிறுத்திவிட்டு, இந்த மாதிரிக் கடையில் நீங்க சாப்பிட்டிருக்கீங்களா, இந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்பாள். தெரிந்ததைச் சொல்வேன். இரும்புப் பெட்டிக்குள் குளிர்காலத்தில் தண்ணீர்ப் போத்தல் உறைந்ததைச் சொன்னேன். சில நாள் சொல்ல வராது. அப்போது அவள் திரும்ப ஓட விடுவாள்.

போன கிழமை கோமதி டவுனுக்குப் போயிருந்தாள். தர்ஷி சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். டெங்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கொஞ்சம் இருக்கிறது என்றாள்.

"அம்மா போனை என் மூஞ்சிக்கு ரொம்பக் கிட்டப் புடிச்சாங்க" என்றாள். "கையில ஊசி போட்டு டியூப் வச்சிருந்தாங்கல்ல, அது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு. சிரின்னாங்க. நான் சிரிச்சேன். நீங்க கேட்டீங்க, என்னடா உன் மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியுதுன்னு."

எனக்கு அந்த அழைப்பு ஞாபகம் வந்தது. முகம் முழுத் திரையையும் அடைத்துக்கொண்டிருந்தது. அன்று நான் சத்தமாகச் சிரித்தேன். சாப்பாட்டுக்கூடத்திலிருந்த நேபாளப் பையனைக் கூப்பிட்டு, என் மகளைப் பார் என்று காட்டினேன்.

தர்ஷி கிழங்கைச் சீவியபடியே இருந்தாள். பிறகு கத்தி நின்றது.

"அப்பா, அழுவுறீங்களா?"

ஆமாம் என்றேன். கன்னத்தைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொன்னேன்.

அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லவா?" என்றாள்.

"சொல்லு" என்றேன்.